பட்டத்துக்குப் பிறகு படிக்கும் பெண்ணுக்கு யார் துணை?

அன்புச் சகோதரியே, பல்கலைக்கழகத்தில் முதற் பட்டம் படிக்கும் உங்கள் மகளுக்கு இந்த நாடு எவ்வளவு செய்கிறது என்று எப்போதாவது கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? கற்பிப்பதற்குக் கட்டணம் இல்லை. குடும்ப வருமானத்தைப் பொறுத்து மஹாபொல உதவியோ வேறு உதவிப் பணமோ மாதாமாதம் கிடைக்கிறது. தூரத்துப் பிள்ளை என்றால் பெரும்பாலும் முதலாம் வருடத்திலேயே விடுதியில் ஓர் இடம் உண்டு. அவளோடு நூறு, இருநூறு பேர் ஒரே வகுப்பில் இருக்கிறார்கள். ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் இன்னொருத்தி கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறாள். விரிவுரைக் குறிப்பைத் தவறவிட்டால் பக்கத்து அறையில் போட்டோக் கொப்பி கிடைக்கிறது.

பட்டமளிப்பு விழா முடிந்து, கறுப்பு அங்கியோடு எடுத்த படத்தை மண்டபச் சுவரில் மாட்டிவிட்டீர்கள். ஒரு வருடமோ ஐந்து வருடமோ கழித்து அதே மகள், அல்லது உங்கள் மருமகள், முதுமாணிப் படிப்புக்கோ கலாநிதிப் பட்ட ஆய்வுக்கோ பதிவு செய்கிறாள். அன்றிலிருந்து மேலே சொன்னவை ஒவ்வொன்றாகக் கழன்று விழுகின்றன. கட்டணம் கட்ட வேண்டும். 1981ஆம் ஆண்டு தொடங்கிய மஹாபொல முதற் பட்ட மாணவருக்கு மட்டும் உரியது. விடுதி நிச்சயமில்லை. நூறு பேர் கொண்ட வகுப்பும் இல்லை. ஆய்வுப் பட்டம் என்றால் அவளும் அவளுடைய மேற்பார்வையாளரும் என்று இரண்டே பேர்தான்.

நமது அரச பல்கலைக்கழகங்களில் முதற் பட்டம் படிப்போரில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் பெண்கள் என்பதைக் கேட்டு மகிழ்கிறோம். அது மகிழ வேண்டிய செய்திதான். ஆனால் உங்கள் ஊர்ப் பாடசாலையின் ஆசிரியைகளிடம் ஒரு முறை பேசிப் பாருங்கள். “எம்.பில் தொடங்கினேன், பிறகு பிள்ளை கிடைத்தது, அப்படியே நின்றுவிட்டது” என்று சொல்பவர் ஒருவராவது இருப்பார். அப்படி நின்ற படிப்புகளில் பலவற்றுக்குக் காரணம் மூளைக் குறைவு அல்ல. துணை எங்கே இருக்கிறது என்று தெரியாமையும், கேட்கக் கூச்சப்பட்டதும்தான். முதற் பட்டத்தில் உதவி நம்மைத் தேடி வரும். பட்டப்பின் படிப்பில் உதவி இருக்கும் இடத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இடங்களைப் பற்றியது.

எந்தப் படிப்பு என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

“மேற்படிப்பு” என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதற்குள் நாலைந்து வேறுபட்ட பாதைகள் உண்டு. இலங்கைத் தகைமைச் சட்டகம் கல்வித் தகைமைகளைப் பன்னிரண்டு மட்டங்களாக வகுத்திருக்கிறது. சிறப்புப் பட்டம் 6ஆம் மட்டம். அதன்மேல் பட்டப்பின் சான்றிதழ் 7, பட்டப்பின் டிப்ளோமா 8, பாடநெறி வழியான முதுமாணி 9, ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10, எம்.பில் எனும் முதுதத்துவமாணி 11, கலாநிதி 12.

இந்த எண்கள் வெறும் அலங்காரமல்ல. 9ஆம் மட்டத்து முதுமாணிக்கு வார இறுதியில் வகுப்பு, பரீட்சை, கூடப் படிக்கும் சிநேகிதிகள் எல்லாம் உண்டு. எம்.பில் குறைந்தது இரண்டு வருடம், கலாநிதிப் பட்டம் குறைந்தது மூன்று வருடம் முழுநேர ஆய்வு. வேலையும் குடும்பமும் வைத்துக்கொண்டு பகுதிநேரமாகச் செய்தால் இன்னும் நீளும். கைக்குழந்தை உள்ள ஆசிரியை ஒருவருக்கு எது பொருந்தும் என்பது அவரவர் வீட்டு நிலையைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது. “டாக்டர்” என்று பெயருக்கு முன்னால் வரும் என்பதற்காக 12ஆம் மட்டத்தில் நேரே குதிப்பதை நான் ஒருவருக்கும் சொல்லமாட்டேன். 9இல் தொடங்கி 10க்கு மாறி மேலே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பேராதனையை எடுத்துக்கொள்வோம்

உதாரணத்துக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம். 1942இல் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் மகாவலிக் கரைக்கு இடம்பெயர்ந்தது. மாணவர் எல்லாரும் வளாகத்திலேயே தங்கிப் படிக்கும் வதிவிடப் பல்கலைக்கழகமாக அது அமைய வேண்டும் என்பது முதல் உபவேந்தர் ஐவர் ஜெனிங்ஸின் எண்ணம். அதனால்தான் மலைச்சரிவெல்லாம் மண்டபங்கள். சங்கமித்தை, ஹில்டா ஒபேசேகர என்ற பெயர்கள் நம் மூத்த பட்டதாரிப் பெண்களின் வாயில் இன்னும் இனிக்கும். ஆனால் அந்த மண்டபங்கள் முதற் பட்ட மாணவரை மனதில் வைத்துக் கட்டப்பட்டவை. பட்டப்பின் படிப்பு அங்கே பிற்காலத்தில் வளர்ந்தது. விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் 1975இலும் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனம் 1996இலும் வந்தன. மனிதப் பண்பியலுக்கும் சமூக விஞ்ஞானத்துக்கும் பிறகு ஒரு தனி நிறுவனம் வந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பட்டப்பின் மாணவி பீடத்தைச் சேர்ந்தவள் போலத் தோன்றினாலும் பதிவு நிறுவனத்தில் இருக்கும். நிறுவனத்துக்கென்று பணிப்பாளரும் சிரேஷ்ட உதவிப் பதிவாளரும் அலுவலகமும் தனியாக உண்டு. பீடத்து அலுவலகத்தில் வரிசையில் நின்று “இது எங்கள் வேலை இல்லை” என்று திரும்பி வந்தவர்கள் பலர். எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும் என்பதைப் பதிவு செய்யும் நாளிலேயே கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ள வேண்டும். நிறுவனத்தின் கைநூலையும் விதிமுறைகளையும் கையோடு வாங்கிவிட வேண்டும். அந்தச் சிறு புத்தகத்தை முதல் மாதத்தில் யாரும் வாசிப்பதில்லை. தேவைப்படும் மாதத்தில் அதைக் காணவும் கிடைப்பதில்லை!

பேராதனை மாணவிக்கு மற்ற வசதிகளும் உண்டு. வளாகத்துக்குள் சுகாதார நிலையம் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதத் தயங்குபவர்களுக்கு ஆங்கில மொழி கற்பித்தல் பிரிவு இருக்கிறது. பள்ளிவாசலும் முஸ்லிம் மஜ்லிஸும் இருக்கின்றன. மஜ்லிஸ் இளம் மாணவர்களின் அமைப்புத்தானே, முப்பத்தைந்து வயதில் நான் அங்கே போய் என்ன செய்வது என்று நினைக்க வேண்டாம். கண்டியில் பாதுகாப்பான அறை எங்கே கிடைக்கும், எந்த வீட்டில் பெண்களுக்கு மட்டும் இடம் கொடுக்கிறார்கள் என்பதை அந்தப் பிள்ளைகளைப் போல அறிந்தவர் வேறு யாருமில்லை. சரசவி உயன ரயில் நிலையத்தில் இறங்கினால் எவ்வளவு நடக்க வேண்டும், கலஹா சந்தியில் எந்த நேரம் பஸ் பிடிக்கலாம் என்பது வரை சொல்வார்கள்.

மேற்பார்வையாளர்

ஆய்வு மாணவிக்குப் பல்கலைக்கழகம் என்பது பாதிக்கு மேல் மேற்பார்வையாளர்தான். நல்ல மேற்பார்வையாளர் அமைந்தால் நூலகம் திறக்கும், நிதி திறக்கும், மாநாட்டில் கட்டுரை வாசிக்கும் வாய்ப்பும் வரும். அமையாவிட்டால் வருடங்கள் கரையும். மாப்பிள்ளை பார்ப்பதற்கு நாம் எத்தனை வீடு விசாரிக்கிறோம்! மூன்று நாலு வருடம் ஒருவரின் கீழ் ஆய்வு செய்யப் போகும் பிள்ளைக்காக அவரிடம் முன்பு ஆய்வு செய்த இரண்டு பேரை விசாரிப்பது தவறாகாது. அவரிடம் எத்தனை பேர் முடித்தார்கள், கொடுத்த அத்தியாயத்தைத் திருத்தித் தர எவ்வளவு காலம் எடுத்தார், மாணவி பிள்ளைப்பேற்றில் இருந்தபோது எப்படி நடந்துகொண்டார் என்ற மூன்று கேள்விகள் போதும்.

ஒவ்வொரு சந்திப்புக்குப் பிறகும் அன்றைக்கே “இன்று நாம் பேசியவை இவை, அடுத்த மாதத்துக்குள் நான் தரவேண்டியது இது” என்று நாலு வரி மின்னஞ்சல் அனுப்பிவிடும் பழக்கம் நல்லது. மரியாதைக் குறைவு என்று யாரும் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேற்பார்வையாளருக்கும் அது ஞாபகக் குறிப்பு. நாளை அவர் வெளிநாடு போய்விட்டாலோ ஓய்வு பெற்றாலோ புதியவரிடம் காட்ட உங்கள் கையில் ஒரு தொடர்ச்சி இருக்கும்.

சொல்லாமல் நின்றுவிடாதீர்கள்

சகோதரியே, இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நீங்கள் வாசிப்பீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும்.

ஒரு தாயை எண்ணிப் பார்ப்போம். அக்கரைப்பற்றில் ஆசிரியை. பேராதனையில் எம்.பில் பதிவு. மாதம் ஒரு முறை இரவு பஸ்ஸில் கண்டிக்கு வந்து, மேற்பார்வையாளரைச் சந்தித்து, நூலகத்தில் பகல் முழுவதும் இருந்து, மறு இரவு திரும்புகிறாள். இரண்டாம் வருடத்தில் கர்ப்பம் தரிக்கிறாள். வாந்தி, களைப்பு. பஸ் பயணம் முடியவில்லை. ஒரு மாதம் போகவில்லை. அடுத்த மாதம் போக வெட்கம். மூன்றாம் மாதம் மேற்பார்வையாளரின் மின்னஞ்சலைத் திறக்கவே பயம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்க வேண்டிய முன்னேற்ற அறிக்கை போகவில்லை. பதிவைப் புதுப்பிக்கவில்லை. பிள்ளைக்கு ஒன்றரை வயதாகும்போது மறுபடி ஆசை வருகிறது. அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தால், பதிவு காலாவதியாகிவிட்டது என்கிறார்கள். கட்டிய பணமும் சேகரித்த தரவுகளும் எழுதி முடித்த இரண்டு அத்தியாயங்களும் அலுமாரியில் கிடக்கின்றன.

இந்தக் கதையில் கர்ப்பம் பிரச்சினை இல்லை. கடிதம் எழுதாததுதான் பிரச்சினை. பட்டப்பின் படிப்பு விதிமுறைகளில் நோய், பிள்ளைப்பேறு, வேறு தக்க காரணம் இருந்தால் பதிவை ஒரு காலத்துக்கு நிறுத்தி வைக்கவும் கால நீடிப்புக் கேட்கவும் வழி உண்டு. எவ்வளவு காலம், எத்தனை தடவை, அதற்குக் கட்டணம் எவ்வளவு என்பவை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நான் முன்பு சொன்ன கைநூலில் அது இருக்கும். ஆனால் எல்லா இடத்திலும் பொதுவான ஒன்று உண்டு. முன்கூட்டிக் கேட்பவருக்கு வழி இலகு. காலம் கடந்து கேட்பவருக்கு அது சபை வரை போக வேண்டிய விஷயமாகிவிடும்.

கடிதம் நீளமாக இருக்கத் தேவையில்லை. பெயர், பதிவிலக்கம், பட்டம், மேற்பார்வையாளரின் பெயர், எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை இடைவேளை வேண்டும் என்பது, காரணம், வைத்தியச் சான்றிதழ் இணைப்பு. பணிப்பாளருக்கு முகவரியிட்டு, மேற்பார்வையாளரின் பரிந்துரையோடு அனுப்ப வேண்டும். ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். பதில் கடிதம் வரும்வரை விடவே கூடாது. வாயால் “சரி, சரி” என்றார்கள் என்பது பிறகு எதற்கும் உதவாது. சபையின் அனுமதி எழுத்தில் கையில் இருந்தால் பிள்ளை பெற்று, நாற்பதும் கழிந்து, முகத்தை நிமிர்த்திக்கொண்டு திரும்பிப் போகலாம்.

2020இல் கொரோனா வந்தபோது இன்னொரு வாசலும் திறந்தது. பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ன் வலையமைப்பின் மூலம் வகுப்புகள் சூம் வழியாக நடந்தன. வாய்மொழிப் பரீட்சை கூட வீட்டிலிருந்தே நடந்த சந்தர்ப்பங்கள் உண்டு. எனவே கர்ப்பிணிப் பெண்ணுக்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் மாதாந்தச் சந்திப்பைச் சூமில் வைக்கலாமா என்று கேட்பது இன்று விசித்திரமான கோரிக்கை அல்ல. கேட்டால் எத்தனையோ மேற்பார்வையாளர்கள் சம்மதிப்பார்கள்.

நூலகம், ஆவணம், நம் வீட்டுப் பெட்டகம்

பேராதனைப் பிரதான நூலகம் இந்த நாட்டின் பெரிய நூலகங்களில் ஒன்று. நாட்டில் அச்சாகும் நூல்களின் பிரதிகள் சட்டப்படி சேரும் இடங்களில் அதுவும் ஒன்றாகும். பழைய தமிழ்ச் சஞ்சிகை, அந்தக் காலத்துப் பாடநூல் என்று தேடுபவர்களுக்குப் பொக்கிஷம். அங்குள்ள நூலகர்களிடம் உங்கள் தலைப்பைச் சொல்லி உதவி கேளுங்கள். நூலகர் என்பவர் புத்தகத்துக்கு முத்திரை குத்துபவர் என்று நாம் நினைக்கிறோம். ஆய்வுக்கு வழிகாட்டுவதும் அவர்களுடைய தொழில்தான்.

கொழும்பு 7இல் தேசிய சுவடிகள் திணைக்களம் இருக்கிறது. 1877இல் தொடங்கிய கொழும்பு நூதனசாலை நூலகத்தில் 1885 முதல் சட்டப்படி சேர்ந்த அச்சுப் பிரதிகள் உள்ளன. பெண்கள் பற்றிய ஆய்வு என்றால் 1984இல் உருவான பெண்கள் ஆய்வு நிலையமான சென்வோர் இருக்கிறது. 1986 முதல் முஸ்லிம் பெண்கள் பற்றிய ஆய்விலும் செயற்பாட்டிலும் ஈடுபட்ட முஸ்லிம் பெண்கள் ஆராய்ச்சி செயல் முன்னணி இருக்கிறது. இனத்துவம், சமூகம் பற்றி ஆராய்பவர்கள் 1982இல் தொடங்கிய இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தை அறிந்து வைத்திருக்க வேண்டும்.

கொழும்புக்குப் போக முடியாத தாய்மாருக்கு இணையத்தில் ஒரு பெரிய கொடை இருக்கிறது. 2005இல் தொண்டர்கள் தொடங்கிய ‘நூலகம்’ என்ற எண்ணிம நூலகம். ஈழத்துத் தமிழ் நூல்கள், பத்திரிகைகள், பாடசாலை மலர்கள் எல்லாம் அங்கே இலவசமாக வாசிக்கக் கிடைக்கின்றன. முஸ்லிம்களின் வெளியீடுகளும் ஏராளம். பிள்ளை தூங்கிய பிறகு இரவு பத்து மணிக்கு, கட்டிலில் இருந்தபடியே 1960களின் சஞ்சிகை ஒன்றைப் புரட்டலாம் என்றால் அது சிறிய விஷயமா?

இன்னொரு நூலகம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. பாணந்துறையைச் சேர்ந்த கலாநிதி ம. மு. உவைஸ் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை முதுமாணிப் பட்ட ஆய்வுக்கு எடுத்தபோது, அப்படி ஓர் இலக்கியம் உண்டா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். அந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வந்தது. பின்னர் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்துக்கென்றே அமைந்த இருக்கையின் பேராசிரியரானார். பீ. மு. அஜ்மல்கானோடு சேர்ந்து அந்த இலக்கியத்தின் வரலாற்றைப் பல தொகுதிகளாக எழுதினார். இப்படிப்பட்ட ஆய்வுக்கு வேண்டிய பழைய ஏடுகளும் அச்சுப் பிரதிகளும் எங்கே இருக்கும்? மூத்தம்மாவின் பெட்டகத்தில். அறபுத் தமிழில் எழுதிய மாலைகள், காவின் ஓலைகள், பழைய கணக்குப் புத்தகங்கள். கறையான் அரித்தது என்று எரிக்கும் முன் ஆய்வு செய்யும் பிள்ளை ஒருத்தியிடம் காட்டுங்கள். வீட்டிலிருக்கும் பெண் ஒரு ஆய்வுக்குச் செய்யக்கூடிய உதவி சோறு சமைத்துக் கொடுப்பது மட்டுமல்ல.

பணம்

விஞ்ஞானத் துறைகளில் மேற்பார்வையாளருக்குக் கிடைத்த ஆய்வு நிதியிலிருந்து மாணவிக்குக் கட்டணமும் மாதக் கொடுப்பனவும் கிடைப்பது உண்டு. தேசிய விஞ்ஞான மன்றம் போன்றவற்றின் நிதி இப்படித்தான் மாணவர் கைக்கு வருகிறது. ஆகவே “எந்தத் தலைப்பு” என்று கேட்கும்போதே “எந்தத் திட்டத்தில் நிதி இருக்கிறது” என்றும் கேட்க வேண்டும். கலைத்துறை மாணவிக்கு இந்த வாய்ப்புக் குறைவு. பெரும்பாலும் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத்தான் கட்டுகிறார்கள்.

வெளிநாடு போகக்கூடியவர்களுக்கு வாசல்கள் சில உண்டு. பொதுநலவாயப் புலமைப்பரிசில் திட்டம் 1959இல் தீர்மானிக்கப்பட்டது. பிரித்தானியாவின் செவனிங் ஒரு வருட முதுமாணிக்கு. அதற்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்கிறார்கள், ஆகவே வேலை பார்க்கும் பெண்ணுக்கு அது தடையல்ல, தகுதி. இந்திய அரசு இலங்கை மாணவருக்கு முதுமாணிப் படிப்புக்காக வைத்த புலமைப்பரிசிலுக்கு மௌலானா ஆஸாத் பெயர். இஸ்லாமிய அபிவிருத்தி வங்கி, உறுப்பு நாடல்லாத நாடுகளின் முஸ்லிம் மாணவருக்கென 1983இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இவற்றின் நிபந்தனையும் முடிவுத் திகதியும் வருடத்துக்கு வருடம் மாறும். தூதரகத்தினதும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவினதும் அறிவித்தலைத்தான் பார்க்க வேண்டும். வட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியை நம்பிப் பணம் கட்டக் கூடாது.

சமூகத்துக்கு ஒரு வார்த்தை. 1945ஆம் ஆண்டிலேயே ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்கள் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியை ஆரம்பித்தார்கள். இலவசக் கல்வி பிறந்த அதே வருடம்! அரசாங்கம் கட்டணத்தை நீக்கினாலும் ஏழைப் பிள்ளையின் சாப்பாட்டுக்கும் புத்தகத்துக்கும் யாராவது கொடுத்தாக வேண்டும் என்பதை அவர் கண்டார். இன்று ஊருக்கு ஊர் கல்வி நிதிகள் இருக்கின்றன. ஆனால் அவற்றில் பலவும் பல்கலைக்கழக அனுமதியோடு நின்றுவிடுகின்றன. “பட்டதாரிதானே, வேலை செய்கிறாள்தானே” என்று பட்டப்பின் மாணவியின் விண்ணப்பத்தை ஒதுக்கி வைக்கிறார்கள். ஒரு வலீமாவில் மிஞ்சும் புரியாணியின் விலை ஒரு பிள்ளையின் தரவு சேகரிப்புச் செலவுக்குப் போதும் என்று சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். வரட்டும்.

பணத்தோடு இன்னொன்றையும் எச்சரிக்க வேண்டும். ஆய்வேட்டை எழுதித் தருகிறோம் என்று முகநூலில் விளம்பரம் வரும். தட்டச்சுக்கும் கட்டுவதற்கும் காசு கொடுக்கலாம்; புள்ளிவிபரத்தை ஒருவரிடம் கேட்டுப் படிக்கவும் கொடுக்கலாம். எழுதுவதற்குக் கொடுத்தால் வாய்மொழிப் பரீட்சையில் முதல் பத்து நிமிடத்திலேயே பிடிபடும்.

மனம் சோரும்போது

தனியாக இருந்து ஆய்வு செய்வது மனதை அரிக்கும் வேலை. தூக்கமின்மை, அழுகை, “எனக்கு எதுவும் தெரியாது, தவறி இங்கே வந்துவிட்டேன்” என்ற எண்ணம் ஆகியவை கெட்டிக்காரப் பிள்ளைகளுக்கே அதிகம் வருகின்றன. பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசகர்கள் இருக்கிறார்கள்; அவர்கள் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியவர்கள் அல்லர். வெளியே 1974 முதல் சுமித்ராயோ இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் பேசலாம். பெயர் போய்விடும் என்று பயந்து வீட்டுக்குள் மூடிவைப்பதைவிட ஒரு தொலைபேசி அழைப்பு மேல்.

மேற்பார்வையாளரோ வேறு யாரோ எல்லை மீறினால்? இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட முடியாது. தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு 1995இல் திருத்தப்பட்டதிலிருந்து பாலியல் தொந்தரவு தெளிவான குற்றம். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டமும் கல்வி நிறுவனத்தின் எல்லா மாணவரையும் பாதுகாக்கிறது. பல்கலைக்கழகங்களில் பால்நிலைச் சமத்துவத்துக்கான பிரிவுகள் இருக்கின்றன, மானியங்கள் ஆணைக்குழுவிலும் அதற்கென நிலையம் இருக்கிறது. 1938 பெண்களுக்கான அரச உதவி இலக்கம். முதலில் செய்ய வேண்டியது செய்திகளையும் மின்னஞ்சல்களையும் அழிக்காமல் வைத்திருப்பது. அடுத்தது உம்மாவிடமோ ராத்தாவிடமோ சொல்வது. அந்த நேரத்தில் “இதற்குத்தான் படிக்க வேண்டாம் என்றோம்” என்று சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பயந்துதான் பிள்ளைகள் வாய் திறப்பதில்லை.

வீட்டில்

பல்கலைக்கழகம் தருவதெல்லாம் தந்தாலும் பகுதிநேர மாணவியின் உண்மையான நிலையம் அவளுடைய வீடு. பதிவுப் பணம் கட்டுவதற்கு முன் கணவனும் மனைவியும், கூட இருந்தால் மாமியும், உட்கார்ந்து பேச வேண்டும். சனி ஞாயிறு பிள்ளைகளை யார் பார்ப்பது? நோன்பு மாதத்தில் ஆய்வேடு கொடுக்க வேண்டி வந்தால் ஸஹர் சமையல் யாருடையது? ஆய்வுக்கு எந்த மேசை, எந்த நேரம்? கணவர் வெளிநாட்டில் என்றால் இந்தக் கேள்விகளுக்கு இன்னும் தெளிவான பதில் வேண்டும். பேசாமல் தொடங்கிய படிப்பில் ஒவ்வொரு புத்தகமும் ஒரு சண்டையாகும்.

2022இல் ஒரு கட்டத்தில் நாளுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் இல்லாமல் இருந்தோம். தாளின் விலை ஏறிக் கிடந்தது. அந்த நாட்களில் ஆய்வேடு எழுதி முடித்த பெண்களின் வீடுகளில் விடியற்காலை மூன்று மணிக்கு மின்சாரம் வரும்போது அவளை எழுப்பிவிட ஒருவர் இருந்திருப்பார். மடிக்கணினிக்கு மின்னேற்ற அயல்வீட்டுக்கு ஓட ஒரு தம்பி இருந்திருப்பான்.

அறையைச் சாத்திவிட்டு மூன்று மணிநேரம் இருக்க விடுவதும் ஓர் உதவிதான். அந்த மூன்று மணிநேரத்தில் “தேயிலை குடிக்கிறாயா” என்று இரண்டு தடவை கதவைத் தட்டும் அன்பு மாமிமார் கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆய்வு எழுதுபவருக்கு அறுந்த நூலை மறுபடி பிடிக்க அரை மணிநேரம் போகும்.

வாய்மொழிப் பரீட்சை நாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அன்று அவள் சிரித்த முகத்தோடு வருவாள். வீட்டில் வட்டிலாப்பம் தயாராக இருக்கும், அயலாருக்கும் போகும். நல்லது. ஆனால் பெரும்பாலானோருக்குப் பரீட்சகர்கள் திருத்தங்கள் கொடுத்துத்தான் அனுப்புவார்கள். ஒரு மாதமோ மூன்று மாதமோ தவணை தருவார்கள். திருத்தி, மேற்பார்வையாளரிடம் கையொப்பம் வாங்கி, கட்டிய பிரதிகளைக் கையளித்தால்தான் பட்டம். வீட்டார் எல்லாம் முடிந்தது என்று நினைத்து, இதுவரை எடுத்துச் செய்த வேலைகளை மறுநாளே அவள் தலையில் திருப்பி வைக்கும் இடம் இதுதான். மாமி, அந்தத் திருத்தத் தவணை முடியும் வரை சனிக்கிழமைகளில் பேரப்பிள்ளையை உங்களிடமே வைத்திருங்கள்.